பல்லைப் புடிச்சுப் பாரு, அம்முணி!

வாங்கோ டீச்சரம்மா, வாங்கோ. அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காருங்கோ. நாய் ஒண்ணும் பண்ணாது. அதுக்கும் என்னையாட்ட வயசாயிப்போச்சு, கொலைக்கறதோட சரி. அம்முணி, டீச்சருக்கு மோரு கொண்டா. உப்பைப் பாத்துப் போடு சாமி.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசோணும்னு சேதி அனுப்பியிருந்தீங்க. பதினொண்ணு, பன்னெண்டு படிக்கற பசங்களுக்குக் காசு பணம், யாவாரம், வேலைக்குப் போற நாயம் எல்லாம் சொல்லோணுமாமா. நான் படிச்சது அஞ்சாவது. அதுலயும் ரெண்டு வருசம் எருமை மேய்ச்சதுல போச்சு. என்னைய எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணுனனுங். அப்பறந்தான் வெளங்குச்சு. இந்தப் பெருந்துறைச் சுத்துவட்டாரத்துல காசைத் தொலைச்ச அனுபவத்துல என்னைய மிஞ்ச ஆருமில்லை. அந்தப் பாடத்துக்கு ஆள் வேணும்னா நான் பொருத்தமான ஆள்தான்.

ஆனா உங்க நல்லதுக்கு ஒரு புத்தி சொல்றேன். பசங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்துப்போடாதீங்கோ. குடுத்தீங்கன்னா ஊரு தாங்காது.

சிரிக்காதீங்கோ. சாயங்காலமானா நம்ம ஊருக்கு புல்லட்டுல ஒருத்தர் வருவாரு, பாத்திருப்பீங்க. இடுப்புல ஒரு பை, சட்டையில ஒரு குட்டி நோட்டு. தண்டல்காரர். 10,000 கேட்டா 9,000 கையில குடுப்பாரு. தினம் 100, நூறு நாளைக்குக் கட்டோணும். "ஆயிரம் ரூவாதான வட்டி"ன்னு எளநிக் கடைக்காரம்மா சந்தோசமா வாங்கிக்குவா. ஆனா நாளைக்கே 100 கட்டறா, நாளைக்கழிச்சு இன்னொரு 100 கட்டறா. ஒம்பதாயிரமும் அவ கையில நூறு நாள் எங்க இருக்குது? சராசரியாப் பாத்தாப் பாதிதான் இருக்குது. அதை வச்சு வருசத்துக்குப் போட்டா வட்டி நூத்துக்கு 75-ஐத் தாண்டுமுங்க. இந்தக் கணக்கு உங்க பசங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அந்த மனுசன் புல்லட்டுக்குப் பெட்ரோல் ஊத்தறது எப்படி? கந்துவட்டிக்கு 2003-லயே சட்டம் போட்டாச்சு. சட்டத்துக்கே அசராத ஆளு, பதினாறு வயசுப் புள்ளை ஒண்ணு நோட்டை நீட்டி "இது எப்படிங்க?"ன்னு கேட்டா ஒடைஞ்சு போயிருவாருங்.

அப்பறம் டவுன் பைக் கடையில மேசை போட்டு உக்காந்திருக்கற டை கட்டின தம்பி. ஒரு லட்சம் கடன், ரெண்டு வருசம், "நூத்துக்கு ஒரு வட்டிதானுங்க"ம்பான். வருசத்துக்கு 12,000, ரெண்டு வருசத்துக்கு 24,000, மாசத் தவணை 5,167. கேக்கறதுக்கு பேங்கு வட்டியாட்டத்தான் இருக்கும். ஆனா மாசா மாசம் அசல் கரையுது, வட்டி மட்டும் மொதல்ல வாங்கின லட்சத்துக்கே ஓடிட்டிருக்குது. பட்டியில பாதி ஆடு வித்துப்போச்சு, மேய்க்கறவன் முழுப் பட்டிக்கும் கூலி கேக்கற கதை. கரையற அசலுக்குப் போட்டுப் பாத்தா அது 12 இல்லீங், 21½. இது தெரிஞ்சுபோச்சுன்னா அந்தத் தம்பி டையை அவுத்துப்போட்டு வேற வேலை தேடோணும். பாவம், அவனுக்கும் அந்த வேலை தவணையிலதான் ஓடுது.

செல்போன் கடையில "வட்டியில்லாத் தவணை"ன்னு கலர் லைட்டு எரியுதுங்களே. ரொக்கமாக் குடுத்தா 16,500-க்குத் தர்ற போனு, தவணைன்னா 18,000. அதுக்கு மேல பேப்பர் செலவுன்னு 500. வட்டி சைபர்தான், ஆனா போனது 2,000. சைபர் வட்டின்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு ரிசர்வ் பேங்கு 2013-லயே பேங்குகளுக்குச் சுத்தறிக்கை அனுப்பிச் சொல்லிப்போட்டுது. லைட்டு மட்டும் அணையலை. நீங்க பாடம் நடத்தி அணைச்சுப்போடாதீங்கோ, தெரு இருட்டாயிரும்.

நல்லவேளை, பள்ளிக்கூடம் பசங்களைப் பத்தரமாத்தான் வச்சிருக்குது. என்ற பேத்தி வணிகவியல் குரூப்பு. ராத்திரியில சத்தம் போட்டுப் படிக்கறதுல எனக்கும் பாதி மனப்பாடம். 1494-ல இத்தாலி தேசத்துல லூக்கா பாசியோலின்னு ஒரு சாமியார், வரவு செலவை ரெட்டைப் பதிவா எழுதற முறையைப் புஸ்தகமாப் போட்டாராமா. சாமியாரே கணக்கை வெளிய காட்டியிருக்காரேன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அப்பறம் ஃபேயோல்னு ஒரு பிரான்சு நாட்டுச் சுரங்க எஞ்சினியரு, நிர்வாகம் பண்ண 14 தத்துவம் சொல்லியிருக்காரு. அதையும் மூச்சு விடாம ஒப்பிப்பா. கணக்குப்பதிவியல்ல நூத்துக்கு 98.

போன மாசம் அவ மாமனோட பைக் கடன் காயிதத்தை முன்னால போட்டு, "அம்முணி, இதுல வட்டி எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு சாமி"ன்னேன். முன்னயும் பின்னயும் திருப்பினா. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. "அப்புச்சி, இது சிலபஸ்ல இல்லீங்"ன்னுட்டா.

பாசியோலி சாமியார் ஐநூறு வருசம் தாண்டி, கடல் தாண்டி நம்ம ஊருக்கு வந்து சேந்துட்டாரு. டவுன் பைக் கடைக் காயிதம் ரெண்டு மைல் தாண்டி உங்க வகுப்புக்கு வந்து சேரலை.

அவளைக் குத்தஞ் சொல்லலீங். புஸ்தகத்துல வட்டி எப்பவும் முழு நம்பரா இருக்குது. கடன் குடுக்கறவன் பொய் சொல்றதில்லை, பொடி எழுத்துல எழுதறதில்லை, அவசரப்படுத்தறதில்லை. அப்பேர்ப்பட்ட ஊர்ல குடியிருக்கக் குடுத்து வைக்கோணும்.

யாவாரப் பாடமும் அப்படித்தான். உங்க பள்ளிக்கூடத்துல சந்தை நாள் நடத்துனீங்களே, நானும் வந்திருந்தேன். ஒரு பையன் முறுக்குக் கடை போட்டிருந்தான். "லாபம் எவ்வளவு கண்ணு?"ன்னேன்.

"மாவுக்கும் எண்ணெய்க்கும் 300, வித்தது 450. லாபம் 150 தாத்தா."

"கேஸு?"

"ஊட்டுல இருந்துச்சுங்."

"அரைச்ச கூலி?"

"மாமா மில்லு. சும்மா அரைச்சுக் குடுத்தாரு."

"சுட்டது ஆரு?"

"அம்மாங்க. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும்."

"அம்மாளுக்குக் கூலி?"

முழிச்சுப்போட்டு, "அம்மாவுக்கு எதுக்குங்க கூலி?"ன்னான். சுத்தி நின்னவங்கெல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஊட்டுக்கு வர்ற வழியில எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. ஏன்னா அம்பது வருசமா மஞ்சளுக்கு நானும் அதே கணக்குத்தான் எழுதியிருக்கேன். உரம் எழுதுவேன், மருந்து எழுதுவேன், ஆள் கூலி எழுதுவேன். நான் ராத்திரி தண்ணி கட்டினதும் என்ற ஊட்டுக்காரி களை வெட்டினதும் ஒரு நோட்டுலயும் ஏறலை. நெல்லுக்கு ஆதார வெலை சொல்ற டெல்லிக் கமிசனே குடும்பத்து உழைப்புக்குன்னு ஒரு தொகையைக் கணக்குல சேக்குதாமா. மஞ்சளுக்கு அந்த ஆதார வெலையும் இல்லை, அந்தக் கணக்கைப் போட எனக்கு ரோசனையும் இல்லை. அந்தப் பையனுக்குப் பரிசு குடுத்தீங்களே, எனக்கும் ஒரு சால்வை போடுங்கோ. அம்பது வருசம் அனுபவம் உள்ள முறுக்குக்காரன்.

வேலை வெவகாரத்துக்கு வாங்கோ. 'நான் முதல்வன்'னு 2022-ல அரசாங்கம் ஆரம்பிச்சுது. என்ன படிக்கலாம், எங்க சேரலாம்னு பசங்களுக்கு வழி காட்டறாங்க. நல்ல காரியம். என்ற மகன் வயித்துப் பேரன் டிப்ளமா முடிச்சுத் திருப்பூர்ல வேலைக்குச் சேந்தான். வருசத்துக்கு 2,40,000-ன்னு கம்பெனி கடுதாசி குடுத்துச்சு. அவன் பன்னெண்டால வகுத்தான், மாசம் 20,000. அந்த இருவதாயிரத்தை நம்பி, செல்போனு, பைக்கு, ரூம் வாடகை எல்லாத்துக்கும் பிரிச்சுப்போட்டான். மொத மாசம் கைக்கு வந்தது 17,000-த்துக்கும் கொஞ்சம் கம்மி. "கம்பெனி ஏமாத்திருச்சு தாத்தா"ன்னு குதிக்கறான்.

கம்பெனி ஏமாத்தலீங். அந்தச் சீட்டுலயே எழுதியிருக்குது. அடிப்படைச் சம்பளம் 10,000. அதுல நூத்துக்கு 12 பங்கு, 1,200 ரூவா, இவன் பிஎஃப்புக்குப் போகுது. மொதலாளி கட்டற 1,200-உம் அந்த 2,40,000-க்குள்ளயே அடக்கம். ஈஎஸ்ஐ-க்கு இவன் சம்பளத்துல முக்கால் சதம், மொதலாளி 3¼ சதம், அதுவும் உள்ளதான். போன காசு தொலையலை, இவன் பேர்லதான் சேருது, சீக்கு வந்தா ஆஸ்பத்திரிக்கு ஆகுது. ஆனா பிஎஃப்புக்குன்னு 12 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்குதுன்னே அவனுக்குத் தெரியாது. கம்பெனி மாறும்போது அந்த நம்பரையும் கூட்டிட்டுப் போகோணும்னு ஆரும் சொல்லலை. ஃபேயோலு சொன்ன 14 தத்துவத்துல சம்பளமும் ஒண்ணாமா. சம்பளச் சீட்டை எப்படிப் படிக்கறதுன்னு அவரு சொல்லாம விட்டுப்போட்டாரு.

இன்னொண்ணு. பசங்க கையில போனு, போனுக்குள்ள பேங்கு. "உன்ற கணக்கை ஒரு மாசம் வாடகைக்குக் குடு, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் குடு, 5,000 தாறேன்"னு ஒருத்தன் வருவான். சும்மா கெடக்கற கணக்குதானேன்னு பையன் குடுத்துப்போடுவான். எங்கயோ ஒரு கெழவிகிட்ட ஏமாத்தின காசு அதுக்குள்ள வந்து போகும். போலீசு வரும்போது வாடகைக்கு எடுத்தவன் ஊர்ல இருக்க மாட்டான். வீட்டு ஓனரு நம்ம பையன்தான். காசு வாங்கறதுக்கு பின் நம்பர் போடத் தேவையில்லை, குடுக்கறதுக்குத்தான் போடோணும். ஏமாந்துபோனா உடனே 1930-க்குப் போன் போடோணும். இந்த ரெண்டு வரியைக் கத்துக்குடுக்க எத்தனை பீரியடு வேணுமுங்க?

சரி, கத்துக் குடுத்தே தீருவேன்னு அடம் புடிக்கறீங்க. என்ற மோரைக் குடிச்சதுக்கு ஒரு வழி சொல்றேன்.

எங்கய்யன் என்னையக் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குக் கூட்டிட்டுப் போவாரு. அங்க வெலையை வாயில பேச மாட்டாங்க. கை மேல துண்டைப் போட்டு, உள்ள விரலைப் புடிச்சு ஏத்தி எறக்குவாங்க. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு அந்தத் துண்டுக்குள்ள கையை விடோணும்னு ஆசை. எங்கய்யன் மண்டையில ஒண்ணு வச்சு, "மொதல்ல பல்லைப் புடிச்சுப் பாருடா. பல்லைப் பாக்காதவன் துண்டைத் தொடக்கூடாது"ன்னாரு. கொம்பைச் சீவி, உடம்பை எண்ணெய் போட்டுத் தேச்சு, சலங்கை கட்டி நிக்க வச்சிருப்பான். எல்லாத்தையும் மாத்தலாம், வாய்க்குள்ள இருக்கற பல்லை மாத்த முடியாது. வயசைச் சொல்லிப்போடும்.

கடனுக்கும் பல்லு இருக்குதுங்க டீச்சரம்மா. மூணே பல்லு. கையில எவ்வளவு வருது? மொத்தமா எவ்வளவு கட்டறேன்? நடுவுல ரெண்டு மாசம் கட்ட முடியலைன்னா என்ன ஆகும்? இந்த மூணுக்கும் ரூவாயில பதில் வாங்கோணும். சதவீதத்துல சொன்னா, "ரூவாயில சொல்லுங்க"ன்னு கேக்கோணும். கேக்கறதுக்கு வெக்கப்படக் கூடாது. சந்தையில மாட்டு வாயில கையை விடறவனைப் பாத்து ஆரும் சிரிக்கறதில்லை.

சேமிப்புக்கு ஒரு வாய்ப்பாடு. 72-ஐ வட்டியால வகுத்தா எத்தனை வருசத்துல காசு ரெட்டிப்பாகும்னு தெரிஞ்சுரும். பேங்குல 6 வட்டின்னா 12 வருசம். வெளிய ரெண்டு வட்டிக்கு வாங்கினா வருசத்துக்கு 24. கட்டாம விட்டா மூணு வருசத்துல கடன் ரெட்டிப்பு. நம்ம காசு ஆமையாட்டப் போகுது, கடன் மொசலாட்டப் போகுது. கதையில ஆமை செயிச்சுதுன்னா மொசலு தூங்கினதாலதான். இந்த மொசலு ஞாயித்துக்கிழமையும் தூங்காது. பத்து வயசு ஆனாலே புள்ளைங்க தன் பேர்ல சேமிப்புக் கணக்கைத் தானே நடத்தலாம்னு ரிசர்வ் பேங்கு விட்டிருக்குது. தபால் ஆபீசு தொடர் வைப்புல மாசம் 1,000 போட்டா, 2025-ல இருந்த 6.7 வட்டிக்கு அஞ்சு வருசத்துல போட்ட 60,000, 71,000-த்தைத் தாண்டுது. அந்தக் காலத்துல சஞ்சாயிகான்னு பள்ளிக்கூடத்துலயே சில்லறை வாங்கிச் சேத்து வச்சாங்க. என்ற மக அதுல சேத்த காசுலதான் மொதமொதல்ல ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ் வாங்கினா. தொகை சின்னது. ஆனா அந்த பாஸ் புஸ்தகத்துல அவ பேரு இருந்துச்சு.

இதுக்கு எதுக்கு அவசரம், காலேஜுல பாத்துக்கலாம்னு உங்க பெரிய வாத்தியாரு சொல்லுவாரு. 1872-ல போட்ட ஒப்பந்தச் சட்டம் இன்னும் இருக்குதுங்களே, அதுப்படி 18 வயசு நெறையாதவன் போட்ட கையெழுத்துக்கு ஒப்பந்தத்துல மதிப்பில்லை. 18 நெறைஞ்ச அன்னிக்கே மதிப்பு வந்துருது. பன்னெண்டாவது முடிச்சு வெளிய வர்றப்ப நெறையப் பேத்துக்கு அந்த வயசுதான். உங்க கேட்டுக்கு வெளிய பேனாவைத் தொறந்து வச்சுட்டு ஒரு கூட்டம் நிக்குது. கேட்டுக்கு உள்ள இருக்கற ரெண்டு வருசந்தான் உங்களுது.

எப்படி நடத்தறதுன்னு கேக்கறீங்களா? புது புஸ்தகம் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு புள்ளையும் ஊட்டுல இருந்து ஒரு காயிதம் கொண்டாரட்டும். கரண்டு பில்லு, நகை அடமானச் சீட்டு, மகளிர் குழுக் கடன் அட்டை, அப்பனோட சம்பளச் சீட்டு, ஏலச்சீட்டு நோட்டு, எதுவானாலும் சரி. அதை வச்சு மூணு பல்லையும் எண்ணச் சொல்லுங்கோ.

ஊட்டு மானம் போயிருமேன்னு உங்களுக்குத் தோணுது, நாயந்தான். பேரு மேல ஒரு துண்டுக் காயிதத்தை ஒட்டி மறைச்சுக்கட்டும். நமக்கு எண்ணுதான் வேணும், பேரு வேண்டாம். முடியாதுங்கற புள்ளையை வற்புறுத்தாதீங்கோ. பக்கத்துப் புள்ளை காயிதத்துல கத்துக்கட்டும்.

மானத்தைப் பத்திச் சொன்னதால ஒண்ணு சொல்றேன். அம்முணி, நீயும் இப்படி வந்து உக்காரு.

2010-11-ல மஞ்சள் குவிண்டால் 15,000-த்தைத் தாண்டிப் போச்சு. வாழ்நாள்ல பாக்காத காசு கையில நின்னுச்சு. அப்ப இந்தப் பக்கமெல்லாம் ஈமுக்கோழிப் பேச்சு. 1,50,000 கட்டினா ஆறு குஞ்சு குடுப்பாங்க, வளத்தறதுக்கு மாசம் 6,000, வருசம் 20,000 போனசு, ரெண்டு வருசத்துல கட்டின காசும் வாபசு. ஒரு வருசத்துக்கு 92,000. போட்ட காசுக்கு நூத்துக்கு 61 ரூவா. எந்தப் பறவைடா வருசத்துக்கு அவ்வளவு முட்டை போடும்னு நான் கேக்கலை. மாட்டுக்குப் பல்லைப் பாத்த ஆளு, கோழிக்குப் பல்லில்லைன்னு பாக்காமயே காசைக் கட்டிப்போட்டேன்.

ஏழு மாசம் காசு வந்துச்சு. 2012-ல கம்பெனியை மூடிப்போட்டு ஆளைக் காணோம். அனாதையாக் கெடந்த கோழிகளுக்குக் கால்நடைத் துறைக்காரங்க வந்து தீனி போட்டாங்க. எங்களுக்குத் தீனி போட ஆருமில்லை. 1997-ல போட்ட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல கேசு நடத்தறாங்கன்னு கோயமுத்தூருக்குக் கொஞ்ச நாள் நடந்தேன், அப்பறம் கால் வலிச்சுதுன்னு விட்டுட்டேன்.

அதே வருசம் மஞ்சளும் குப்புற விழுந்துச்சு. எனக்கு அது வசதியாப் போச்சு. "மஞ்சள் வெலை எறங்கிப்போச்சு, அதான் கையில காசில்லை"ன்னு ஊட்டுல சொன்னேன். உன்ற அம்மாயி கழுத்துச் சங்கிலி அடமானத்துல முழுகினதுக்கும் மஞ்சள் மேலயே பழியைப் போட்டேன். இத்தனை வருசமா ஆருக்கும் தெரியாது. அதுக்குள்ள உன்ற மாமன் பைக் கடன்ல மாட்டிக்கிட்டான், உன்ற அண்ணன் சம்பளச் சீட்டைப் படிக்காம ஏமாந்தான். நான் தோத்ததைச் சொல்லியிருந்தா அவனுங்க கேள்வி கேக்கக் கத்துருப்பாங்களோ என்னமோ. லாபத்தைத் திண்ணையில உக்காந்து சொன்னேன், நட்டத்தைப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சேன்.

மோரு ஆறிப்போகாது, குடிங்கோ டீச்சரம்மா. வெள்ளிக்கிழமை காலையில வந்தர்றேன். அந்த ஈமுக்கோழிப் பத்தரம் இன்னும் பொட்டியிலதான் இருக்குது, அதையும் கொண்டாறேன். பசங்க காயிதத்துல பேரை மறைச்சு ஒட்டுங்கோ. என்ற காயிதத்துல மட்டும் ஒட்ட வேண்டாம்.